டாக்ஸ் கட்டினது வேற, ஃபைல் பண்ணினது வேற: கனடா குடியுரிமை ஃபாரத்துல வர்ற ஒரு கேள்வி



"சம்பளத்துலயே டிடிஎஸ் பிடிச்சுட்டாங்க, அப்புறம் எதுக்கு சார் ரிட்டர்ன்?" ஜூலை மாசம் பொறந்தா என் போன்ல இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. நம்ம ஊர்ல இந்தப் பழக்கத்துக்கு விலை கொஞ்சம் கம்மிதான். லேட் ஃபீஸ் அதிகபட்சம் 5,000 ரூபாய், ஒருவேளை ஒரு நோட்டீஸ், கொஞ்சம் வட்டி. அதோட முடிஞ்சுடும்.

இதே பழக்கத்தை பெட்டியில வெச்சு டொரன்டோவுக்கு எடுத்துட்டுப் போறவங்களுக்கு விலை வேற. போன உடனே தெரியாது. நாலு வருஷம் கழிச்சு, எல்லாம் செட்டில் ஆகி, குடியுரிமைக்கு விண்ணப்பம் போட உட்காரும்போதுதான் தெரியும். அந்த ஃபாரத்துல உங்க வேலை, வீடு, பயண விவரத்தோட சேர்த்து உங்க வரி வரலாறும் கேட்கப்படுது. ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியா.

நம்ம சேனல் பாக்கிறவங்கள்ல நிறைய பேர் பி.ஆர். வாங்கிட்டு கனடா போயிருக்கீங்க, இல்லைன்னா எக்ஸ்பிரஸ் என்ட்ரி வரிசையில நிக்கிறீங்க. அதனால இன்னைக்கு கனடாவை வெச்சு விரிவா பேசலாம். அமெரிக்கா, இங்கிலாந்து பத்தி பின்னாடி சுருக்கமா சொல்றேன்.

சட்டம் என்ன கேட்குது?

கனடாவில வயசு வந்த ஒருத்தர் குடியுரிமை கேட்க பல நிபந்தனைகள் உண்டு. எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சது 1,095 நாள் கணக்கு. விண்ணப்பிக்கிற தேதிக்கு முந்தின 5 வருஷத்துல 1,095 நாள் கனடா மண்ணுல இருந்திருக்கணும். பி.ஆர். கிடைக்கிறதுக்கு முன்னாடி ஸ்டூடண்ட்டாவோ வொர்க் பெர்மிட்லயோ இருந்த நாள், ஒரு நாளுக்கு அரை நாள்னு சேரும், அதிகபட்சம் 365 நாள் வரை.

அதே பட்டியல்ல இன்னொரு நிபந்தனையும் இருக்கு. அந்த 5 வருஷத்துக்குள்ள முழுசாவோ பகுதியாவோ வர்ற வரி ஆண்டுகள்ல, 3 ஆண்டுகளுக்கு, வருமான வரிச் சட்டப்படி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடமையை நிறைவேத்தியிருக்கணும். இது ஆதிகாலத்துல இருந்து இருக்கிற விதி இல்லை. 2014-ல கொண்டுவந்த சட்டத் திருத்தம் மூலமா 2015 ஜூன்ல அமலுக்கு வந்தது. அப்ப 6 வருஷத்துல 4 வருஷம்னு கடுமையா இருந்தது. 2017 அக்டோபர்ல 5 வருஷத்துல 3-ன்னு தளர்த்தினாங்க. அதுக்கு முன்னாடி குடியுரிமை வாங்கின உங்க சித்தப்பாவோ ஃபிரெண்டோட அண்ணனோ "டாக்ஸ் எல்லாம் யாரும் கேட்க மாட்டாங்கப்பா"ன்னு சொன்னா, அவர் பொய் சொல்லலை. அவர் காலத்துல கேட்கலை.

விதியை இன்னொரு தடவை படிங்க. "வரி கட்டியிருக்கணும்"னு அதுல இல்லை. தாக்கல் செய்ய வேண்டிய கடமை இருந்தா, அதை செஞ்சிருக்கணும். பேச்சு முழுக்க ரிட்டர்னைப் பத்திதான், பணத்தைப் பத்தி இல்லை.

இதுல ரெண்டு விஷயம் புரிஞ்சுக்கணும். ஒண்ணு, சிஆர்ஏவுக்கு, அதாவது கனடா வருவாய்த் துறைக்கு, உங்களுக்கு இன்னும் வரி பாக்கி இருந்தா அதுவே இந்த நிபந்தனையில உங்களைத் தோக்கடிக்காது. வட்டி ஏறும், வசூல் பிரிவு கூப்பிடும், ஆனா அது வேற கதை. ரெண்டாவது, வருஷா வருஷம் பைசா விடாம சம்பளத்துல வரி பிடிச்சிருந்தாலும், ரிட்டர்ன் போடலைன்னா நீங்க கடமையைச் செய்யாதவர்தான். நேர்மையா வரி கட்டின ஆள் மாட்டிக்கிறதும், பாக்கி வெச்ச ஆள் தாண்டிப் போறதும் பாக்க அநியாயமா தெரியும். ஆனா விதியோட அமைப்பு அப்படி.

கட்டாயம் இருந்ததா இல்லையா: இதுதான் சிக்கலான கேள்வி

ஃபாரத்துல ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் எதிர்ல ரெண்டு கேள்வி. அந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருந்ததா? தாக்கல் செஞ்சீங்களா? ஆமா, இல்லைன்னு டிக் பண்ணணும்.

கட்டாயமே இல்லாத வருஷத்துக்கு ஃபைல் பண்ணலைன்னு யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. அதனால நம்ம ஆளுங்க நிறைய பேர் ஃபைல் பண்ணாத வருஷத்துக்கு எதிர்ல எல்லாம் "கட்டாயம் இல்லை"ன்னு டிக் போட்டுடறாங்க. கட்டாயம் இருந்ததா இல்லையாங்கிறது உங்க நினைப்பைப் பொறுத்தது இல்லை, கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு இந்தியக் கணக்கு மாதிரியும் இல்லை.

இந்தியாவில உங்க மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினா, தள்ளுபடி எல்லாம் போய் வரி பூஜ்யம்னு வந்தாலும் ரிட்டர்ன் போட்டாகணும். கனடாவில பொதுவா அந்த வருஷத்துக்கு வரி விழுதான்னு பாக்கணும். வரி விழுந்தா ஃபைல் பண்ணணும். அந்த வரியை கம்பெனி முழுசா பிடிச்சுக் கட்டியிருந்தாலும் சரி. சொத்து வித்து மூலதன ஆதாயம் வந்தாலோ, சிஆர்ஏ நேரடியா உங்ககிட்ட ரிட்டர்ன் கேட்டாலோ அப்பவும் பண்ணணும். இன்னும் சில சூழ்நிலைகளும் உண்டு, ஆனா சம்பளக்காரங்களுக்கு முக்கியமா இதுதான்.

சரி, ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம். இதுலதான் படிச்சவங்களே வழுக்குறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா வாங்க.

நீங்க 2021 ஆகஸ்ட் 15 அன்னைக்கு பி.ஆரோட கனடாவில இறங்குறீங்க. அதுவரைக்கும் சென்னையில சாஃப்ட்வேர் வேலை. அக்டோபர்ல அங்க ஒரு வேலை கிடைக்குது. டிசம்பர் முடிய மொத்தம் 13,000 டாலர் சம்பளம். கூகுள்ல தேடிப் பாக்கறீங்க. 2021-க்கு தனிநபர் அடிப்படைக் கழிவு 13,808 டாலர்னு காட்டுது. "13,000 அதுக்குக் கீழதானே, வரி இல்லை, ஃபைலிங்கும் வேண்டாம்"னு முடிவு பண்ணிடறீங்க.

அந்த 13,808 வருஷம் முழுக்க கனடாவில குடியிருந்தவருக்கு. நீங்க வருஷத்தோட நடுவுல போனவர். ஆகஸ்ட் 15-ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் 139 நாள். அதனால உங்களுக்குக் கிடைக்கிற அடிப்படைக் கழிவு 13,808-ஐ 365-ஆல வகுத்து 139-ஆல பெருக்கினா வர்ற தொகை, கிட்டத்தட்ட 5,258 டாலர். போறதுக்கு முன்னாடி இருந்த மாசங்கள்ல உங்க வருமானம் எல்லாம் சென்னையில வந்ததால, முழுக் கழிவு கேட்கிற விதிவிலக்கும் உங்களுக்குப் பொருந்தாது. வேலை சம்பந்தமான சின்னச் சின்னக் கழிவுகளைச் சேர்த்தாலும் 13,000 டாலர் சம்பளத்துக்கு வரி விழுந்தே தீரும். வரி விழுந்தா ரிட்டர்ன் கட்டாயம்.

இப்ப 2024 அக்டோபர் 1-ம் தேதி குடியுரிமைக்கு விண்ணப்பம் போடறீங்கன்னு வெச்சுக்கோங்க. இறங்கின நாள்ல இருந்து 2024 செப்டம்பர் 30 வரைக்கும் 1,143 நாள். நடுவுல தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தது 30 நாள். மிச்சம் 1,113. நாள் கணக்கு பாஸ். 2022, 2023 ரிட்டர்ன் ஒழுங்கா போட்டாச்சு. 2019, 2020 ரெண்டு வருஷமும் நீங்க கனடாவிலயே இல்லை, அங்க வருமானமும் இல்லை, கட்டாயமும் இல்லை. மிச்சம் இருக்கிறது 2021. அதுக்கு எதிர்ல "கட்டாயம் இல்லை"ன்னு டிக் போடறீங்க.

அந்த டிக் தப்பு. உங்க கம்பெனி 2021-க்கு உங்க பேர்ல கொடுத்த டி4, அதாவது நம்ம ஊர் ஃபாரம் 16 மாதிரி ஒரு சம்பளச் சான்று, அப்பவே சிஆர்ஏ கையில இருக்கு. குடியுரிமை விண்ணப்பத்துல உங்க எஸ்ஐஎன் நம்பரைக் கொடுக்கறீங்க. வரித் துறைகிட்ட சரிபார்த்துக்க ஐஆர்சிசிக்கு, அதாவது குடிவரவுத் துறைக்கு, சம்மதமும் கொடுக்கறீங்க. ஒரு பக்கம் டி4, இன்னொரு பக்கம் "கட்டாயம் இல்லை"ங்கிற உங்க கையெழுத்து.

மத்த வருஷங்களை வெச்சு 3 வருஷக் கணக்கு எப்படியோ தேறினாலும், இங்க பிரச்சினை கணக்கு இல்லை, பதில். தெரியாம நடந்த தப்புன்னா விளக்கம் கேட்பாங்க, ஆவணம் கேட்பாங்க, ஃபைல் மாசக்கணக்குல தூங்கும். வேணும்னே பொய் சொன்னதா, முக்கியமான விஷயத்தை மறைச்சதா முடிவு பண்ணினா 5 வருஷம் குடியுரிமை கேட்க முடியாத தடை வரும். பொய்யான தகவல் கொடுத்து வாங்கின குடியுரிமையை பின்னாடி பறிக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. சில நூறு டாலர் வரி வர்ற ஒரு ரிட்டர்னுக்காக இந்த ரிஸ்க் தேவையா?

ஸ்டூடண்ட்டா போனவங்களுக்கும் ஒரு வார்த்தை. படிக்கும்போது பார்ட் டைம் வேலை பாத்த வருஷங்கள் உங்க 5 வருஷ ஜன்னலுக்குள்ள வரலாம். வருமானம் குறைவுன்னா கட்டாயம் இல்லாம இருந்திருக்கலாம், ஆனாலும் போடறது உங்களுக்கு லாபம். பிடிச்ச வரி திரும்ப வரும், ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்கும், கட்டின டியூஷன் ஃபீஸை பின்னால வர்ற வருஷங்களுக்கு எடுத்துட்டுப் போகலாம். கையில கேஷா வாங்கின சம்பளத்தை மட்டும் "அது கணக்குல வராது"ன்னு விட்டுடாதீங்க. கேஷும் வருமானம்தான்.

வீட்டுக்காரம்மாவுக்கு வருமானமே இல்லையே?

குடும்பமா விண்ணப்பிச்சாலும் வயசு வந்த ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபாரம், தனி டிக். கணவர் ஃபைல் பண்ணினா மனைவிக்கும் சேர்த்துன்னு அங்க கிடையாது. அங்க எல்லாரும் தனித்தனி ஆள்.

மனைவி, இல்லைன்னா கணவர், வேலைக்குப் போகலைன்னா பெரும்பாலும் கட்டாயம் இருக்காது. ஆனா "பெரும்பாலும்"னு ஏன் சொல்றேன்னா, கல்யாணத்துக்கு அப்பா போட்டுக் கொடுத்த ஃபிக்ஸட் டெபாசிட், அவங்க பேர்ல திருச்சியில வாடகைக்கு விட்ட வீடுன்னு பின்னாடி ஒவ்வொண்ணா வெளிய வரும். அதெல்லாம் அவங்க வருமானம். கூட்டினா வரி விழலாம்.

என் அபிப்பிராயம்: வருமானம் பூஜ்யமா இருந்தாலும் ரெண்டு பேரும் வருஷா வருஷம் ஃபைல் பண்ணிடுங்க. குழந்தை இருந்தா அரசாங்கம் மாசாமாசம் கொடுக்கிற குழந்தை நிதி உதவி வரணும்னாலே ரெண்டு பேரும் ஃபைல் பண்ணணும். அதுக்கு மேல, ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் சிஆர்ஏ ஒரு மதிப்பீட்டு அறிவிப்பு அனுப்பும். அங்க எல்லாரும் என்ஓஏன்னு சொல்வாங்க. அது கையில இருந்தா "கட்டாயம் இருந்ததா"ன்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம், ஃபைல் பண்ணியாச்சுன்னு டிக் போட்டுட்டுப் போயிடலாம். நாளைக்கு அப்பா அம்மாவுக்கு சூப்பர் விசா எடுக்கும்போதும் அழைக்கிறவரோட வருமானத்துக்கு முதல்ல கேட்கிறது இந்த என்ஓஏதான்.

ஊர்ல இருக்கிற பணம்

கனடாவில குடியிருப்பவரா ஆன நாள்ல இருந்து உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் அங்க காட்டணும். இதுல நம்மவங்க அடிக்கடி தவறுற இடம் என்ஆர்இ கணக்கு வட்டி. இந்தியாவில அதுக்கு வரி விலக்கு. பேங்க்ல "டாக்ஸ் ஃப்ரீ சார்"னுதான் சொல்லி போட வைப்பாங்க, அதுவும் நிஜம்தான். ஆனா அந்த விலக்கு இந்தியா கொடுக்கிறது. கனடா கொடுக்கலை. அங்க அது வரிக்கு உட்பட்ட வட்டிதான்.

வெளிநாட்டுச் சொத்துக்களோட அடக்க விலை மொத்தம் 1,00,000 கனடா டாலரைத் தாண்டினா டி1135-ன்னு தனி ஃபாரம் ஒண்ணு இருக்கு. ஒரு டாலர் 60 ரூபாய்னு வெச்சா 60 லட்சம். வாடகைக்கு விட்ட ஃபிளாட், டெபாசிட், இந்திய ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேரும். நீங்களே பயன்படுத்துற சொந்த வீடு சேராது. முதல்முறையா குடியேறின வருஷத்துக்கு இது வேண்டாம், அடுத்த வருஷத்துல இருந்து வேணும். லேட் ஆனா நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500 டாலர் அபராதம். அடக்க விலைங்கிறது நீங்க 2012-ல வாங்கின விலை இல்லை, கனடாவில குடியேறின நாள்ல இருந்த சந்தை மதிப்பு. அன்னைக்குத் தேதிக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வெச்சுக்கோங்க, பின்னாடி சொத்தை விக்கும்போதும் உதவும்.

குடியுரிமை ஃபாரத்துல டி1135 பத்தி கேள்வி கிடையாது. சும்மா பயமுறுத்த விரும்பலை. ஆனா வருமானத்தை வேணும்னே மறைச்சது வரி ஏய்ப்பு வழக்கா வளர்ந்து தண்டனை வரைக்கும் போனா, அந்தக் குற்றப் பதிவு குடியுரிமைக்கே தடையாகலாம்.

ரெண்டு நாட்டுலயும் ஒரே கதையைச் சொல்லுங்க

நான் பாக்குற ஃபைல்கள்ல அதிகமா கண்ணுல படுற முரண்பாடு இதுதான். மேலே சொன்ன அதே உதாரணத்துல, 2021 ஆகஸ்ட்ல கிளம்பினவர் அந்த நிதியாண்டுல, அதாவது ஏப்ரல் 1-ல இருந்து, இந்தியாவில இருந்தது சுமார் 136 நாள். வேலைக்காக வெளிநாடு போற இந்தியக் குடிமகனுக்கு 182 நாள்தான் கோடு. அதுக்குக் கீழ இருக்கறதால 2021-22-க்கு அவர் என்ஆர்ஐ. ஆனா வருஷா வருஷம் போட்ட பழக்கத்துல ஐடிஆர்-1 எடுத்து "ரெசிடெண்ட்"னு போட்டுடுவார். ஐடிஆர்-1 என்ஆர்ஐக்கான ஃபாரமே இல்லை. இப்ப இந்தியாவில குடியிருப்பவர், அதே மாசங்கள்ல கனடாவிலும் குடியிருப்பவர். ரெண்டும் அவரே கையெழுத்துப் போட்ட ரிட்டர்ன்.

கனடா குடியுரிமை ஃபாரம் உங்க இந்திய ஐடிஆரைக் கேட்காது. ஆனா இந்தியாவில கட்டின வரிக்கு கனடாவில கிரெடிட் கேட்டா, சிஆர்ஏ ஆதாரம் கேட்கலாம். அப்ப நீங்க நீட்டப் போறது அந்த ஐடிஆரைத்தான். அதோட, இந்தியாவோட வருஷம் ஏப்ரல்-மார்ச், கனடாவோடது ஜனவரி-டிசம்பர். ஒரு ஐடிஆர்ல இருக்கிற தொகையை அப்படியே தூக்கி அங்க போட முடியாது, மாசவாரியா பிரிக்கணும்.

இதைவிடப் பெரிய முரண்பாடு திரும்பி வர்றவங்ககிட்ட. பி.ஆர். ஸ்டாம்ப் வாங்கிட்டு சென்னைக்கே வந்து வேலை பாக்கறவங்க, இல்லைன்னா குடும்பத்தை பிராம்டன்ல விட்டுட்டு இங்கிருந்து ரிமோட்டா வேலை பாக்கறவங்க. இதுல ரெண்டாவது ஆளுக்கு மனைவி, பிள்ளைங்க, வீடு எல்லாம் அங்க இருக்கறதால வரிக்கு அவர் கனடாவில குடியிருப்பவராவே தொடரலாம். வருஷா வருஷம் அங்க ரிட்டர்னும் போடுவார். ஆனா சென்னையில உட்கார்ந்திருந்த ஒரு நாள் கூட 1,095-ல சேராது. "அஞ்சு வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்ணியிருக்கேன், குடியுரிமை கொடுங்க"ன்னு கேட்க முடியாது. வரிக்குக் குடியிருப்பது உறவுகளை வெச்சு, குடியுரிமைக்கு இருப்பது கால் பட்ட மண்ணை வெச்சு.

எதிர்த்திசையிலும் செய்யக்கூடாது. வரியைக் குறைக்க சிஆர்ஏகிட்ட "நான் குடியிருக்காதவர்"னு ரிட்டர்ன் போட்டுட்டு, அதே மாசங்களை ஐஆர்சிசிகிட்ட "இங்கதான் இருந்தேன்"னு நாள் கணக்குல சேர்க்கறது. ரெண்டு துறையும் பேசிக்க நீங்களே சம்மதம் கொடுத்திருக்கீங்கங்கிறதை மறந்துடாதீங்க.

அமெரிக்கா, இங்கிலாந்து

அமெரிக்காவில இந்த விஷயம் இன்னும் கூர்மையா இருக்கு. என்-400 விண்ணப்பத்துல, கட்ட வேண்டிய வரி பாக்கி இருக்கான்னே நேரடியா கேட்பாங்க. பாக்கி இருந்தா வரித் துறையோட தவணை ஒப்பந்தம் போட்டு, அதைக் கட்டிட்டு வர்றதுக்கு ஆதாரம் காட்டணும். கிரீன் கார்டு வாங்கின பிறகு எப்பவாவது உங்களை நான்-ரெசிடெண்ட்னு சொல்லி ரிட்டர்ன் போட்டிருக்கீங்களா, அப்படி நினைச்சு போடாம விட்டிருக்கீங்களான்னு இன்னொரு கேள்வி. ஆமான்னா, நிரந்தர வசிப்பு உரிமையையே கைவிட்டவரா உங்களை அவங்க எடுத்துக்கலாம். இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு உங்க தலையில. கிரீன் கார்டோட ரெண்டு வருஷம் பெங்களூர் வந்து வேலை பாத்து, வரியை மிச்சம் பண்ண 1040-என்ஆர் போட்டவங்க இந்தக் கேள்வியில ஆடிப்போயிடுவாங்க.

இங்கிலாந்துல சம்பளக்காரங்க பெரும்பாலானோருக்கு ரிட்டர்னே கிடையாது, கம்பெனி பிடிக்கிறதோட முடிஞ்சுடும். ஆனா அங்க 'நன்னடத்தை'ன்னு ஒரு நிபந்தனை, அதுக்குள்ள வரி ஒழுங்கும் வருது. சில வருஷங்களுக்கு முன்னாடி, உயர் திறன் விசாவில போன இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள் பல பேருக்கு நிரந்தர வசிப்பு மறுக்கப்பட்டது. விசாவுக்குக் காட்டின வருமானம் ஒண்ணு, வரித் துறைக்குக் காட்டினது இன்னொண்ணுன்னு காரணம் சொன்னாங்க. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போச்சு. விண்ணப்பதாரருக்கு பதில் சொல்ல வாய்ப்பு கொடுக்காம நேர்மையற்றவர்னு முத்திரை குத்தினது சரியில்லைன்னு 2019-ல தீர்ப்பு வந்தது. அதுக்குள்ள வேலையும் வீடும் போய் வருஷக்கணக்கா தவிச்ச குடும்பங்கள் உண்டு.

விட்டுப்போச்சு, இப்ப என்ன பண்றது?

கனடாவில பழைய வருஷ ரிட்டர்னை இப்பவும் போடலாம். நிறைய பேர் இங்க தேவையில்லாம பயப்படறாங்க. லேட் அபராதம் பாக்கி வரித் தொகைக்குத்தான்: 5 சதவீதம், அதோட தாமதமான ஒவ்வொரு முழு மாசத்துக்கும் 1 சதவீதம், அதிகபட்சம் 12 மாசம். கம்பெனி தேவையான அளவு வரி பிடிச்சிருந்தா பாக்கியே இருக்காது, அந்த அபராதமும் இருக்காது. ரீஃபண்ட் வர்றதுக்கும் வாய்ப்பு உண்டு, 10 வருஷம் பின்னாடி வரைக்கும் கேட்கலாம். தொடர்ந்து பல வருஷம் லேட்டா போட்டவங்களுக்கு மட்டும் அபராதம் இரட்டிப்பாகும்.

வரிசை முக்கியம். முதல்ல விட்டுப்போன ரிட்டர்ன், அப்புறம் என்ஓஏ, கடைசியாதான் குடியுரிமை விண்ணப்பம். 1,095 நாள் முடிஞ்ச அன்னைக்கே பட்டனை அழுத்தணும்னு துடிப்பா இருக்கும், புரியுது. ஆனா ரொம்பப் பழைய ரிட்டர்னை பேப்பர்லதான் அனுப்ப வேண்டி வரலாம், அதுக்கு பதில் வர மாசங்கள் ஆகும். 1,095 வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சிஆர்ஏ ஆன்லைன் கணக்குல நுழைஞ்சு எந்த வருஷத்துக்கு என்ஓஏ இருக்கு, எதுக்கு இல்லைன்னு பாத்துடுங்க. ஃபைல் பண்ணினதா ஒரு நண்பர் சொன்னார், கன்சல்டன்ட் சொன்னார்ங்கிறது கணக்குல வராது. என்ஓஏ வந்தாதான் ஃபைல் ஆனதா அர்த்தம்.

ரிட்டர்ன் போட்டாச்சு, ஆனா இந்திய வட்டியோ வாடகையோ விட்டுப்போச்சுன்னா திருத்தம் போடலாம். தொகை பெருசு, பல வருஷம்னா தானா முன்வந்து தெரிவிக்கிற திட்டம் ஒண்ணு சிஆர்ஏகிட்ட இருக்கு. அவங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடி நீங்க போறது நல்லது. இந்த வேலைக்கு கனடாவில உரிமம் உள்ள ஒரு சிபிஏகிட்ட போங்க, இந்தியப் பக்கத்து ஐடிஆர், 26ஏஎஸ், பேங்க் வட்டிச் சான்று எல்லாம் உங்க ஊர் ஆடிட்டர்கிட்ட வாங்கி மாசவாரியா பிரிச்சுக் கொடுத்துடுங்க. ரெண்டு பேரையும் ஒரு தடவை ஒரே போன் கால்ல பேச வெச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது.

இப்ப கிளம்பப் போறவங்களுக்கு ஒண்ணு. விமானம் ஏறின தேதி, இறங்கின தேதி, அன்னைக்கு உங்க பேர்ல இருந்த எல்லா டெபாசிட், ஃபண்ட், ஷேர் மதிப்பு, கடைசி சம்பளச் சீட்டு. இந்த நாலையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வையுங்க. முதல் வருஷ ரிட்டர்ன்ல இறங்கின தேதியையும், அதுக்கு முன்னாடி சம்பாதிச்சதையும் கேட்பாங்க. அதே தேதியைத்தான் நாலு வருஷம் கழிச்சு குடியுரிமை ஃபாரத்துலயும் எழுதப் போறீங்க.